நூற்று முப்பத்தெட்டுத் தப்படி

நெல்லங்கரை நகரில் குடியிருப்போர் எவரும் பசுமைவெளியிலிருந்து நானூறு தப்படிக்கு அப்பால் வசிக்கக் கூடாது என்று நகர்மன்றம் தீர்மானம் நிறைவேற்றிய ஆண்டில், அந்நகரில் இருந்த பூங்கா ஒன்றே ஒன்று. பூங்காவை மக்களுக்கு அருகில் கொண்டுபோவதா, மக்களைப் பூங்காவுக்கு அருகில் கொண்டுவருவதா என்ற வினா எழுந்தது. இரண்டும் உழைப்பைக் கோருபவை என்பதால், தூரத்தை அளப்பது என்று முடிவாயிற்று.

அளக்கும் பொறுப்பு பசுமைப் பிரிவின் கண்காணிப்பாளர் திலீபனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நேர்மையானவர், தம் கால்களின் விஷயத்தில் மிகவும் நேர்மையானவர். நாடா தளரலாம், கைப்பேசி வரைபடம் பிழைபடலாம், தப்படி பொய் சொல்லாது என்பது அவர் கொள்கை. மே மாதத்தின் இரண்டாம் வாரத்தில், மேலத்தெருவின் கடைசி வீட்டு வாசற்படியிலிருந்து வலக்காலை எடுத்துவைத்துப் புறப்பட்டார். வாய்க்காலில் இறங்கினார், மறுகரையில் ஏறினார், பூங்காவின் மேற்குக் கதவைத் தொட்டார். நூற்று முப்பத்தெட்டு. அதே வழியில் திரும்பி எண்ணினார். அப்போதும் நூற்று முப்பத்தெட்டு. போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றாக இருந்தது அவருக்கு மனநிறைவளித்தது.

அந்த வாய்க்காலில் ஆண்டுக்குப் பத்து மாதம் தண்ணீர் ஓடும். கோடையில் அடைத்து ஜூன் தொடக்கத்தில் திறப்பார்கள் என்பது கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஆடுமாடுகளுக்கும் தெரியும். திலீபன் பள்ளத்தாக்குக்கு வெளியே, பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கெங்குவார்பட்டியில் பிறந்தவர். ஆகவே காய்ந்து கிடந்த வாய்க்காலைச் சற்றுப் பள்ளமான தெரு என்று கருதினார். படிவத்தில் ‘வழியில் உள்ள தடைகள்’ என்ற கட்டத்தை அவர் காலியாக விடவில்லை. ‘ஆடுகள் (2)’ என்று எழுதினார்.

அந்தக் கடைசி வீடு முத்துக்கருப்பனுடையது. வாழைத்தார் மண்டி ஒன்றின் வாயிலில் அமர்ந்து முப்பத்தோர் ஆண்டுகள் சீட்டெழுதி ஓய்வு பெற்றவர். சீட்டில்லாமல் ஒரு தாரும் அவரைத் தாண்டி வெளியேறியதில்லை. முதலாளியின் மைத்துனர் ஒருமுறை வீட்டுக்கென்று ஒரு சீப்புப் பழத்தை மடித்த துண்டுக்குள் எடுத்துப் போனபோதும், “சீட்டு எங்கன இருக்கு?” என்று கேட்டு நிறுத்தியவர். மண்டியில் இருந்தவரை உலகம் அவருக்கு விளங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்தபின் அவ்வளவாக விளங்கவில்லை.

வீட்டு வாசல்நிலையில் நகராட்சி ஒரு தகட்டை அறைந்தது: ‘பசுமைவெளி 138 தப்படி. இந்நகரின் மிக அருகமைந்த இல்லம்.’

அவர் மனைவி பொன்னாத்தாள் அதை இருமுறை வாசித்தாள். “நல்லவேள, சொன்னாக. இம்புட்டு வருசமா எட்டத்துல இருக்கோம்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

ஜூன் மாதம் தண்ணீர் வந்தது. வழக்கம்போல் இரு கரையும் தொட்டு ஓடியது. மேலத்தெருவில் எவரும் வியப்படையவில்லை. தகடு மட்டும் நிலையில் மின்னிக்கொண்டிருந்தது.

ஜூலை முதல் வாரத்தில், ஒரு காலை நேரத்தில், பொன்னாத்தாளின் இடக்கால் அவள் சொன்னபடி கேட்க மறுத்தது. மூளையில் சிறிய அடைப்பு என்றார்கள். தேனியில் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் கிடந்தாள். அவள் நாக்குக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை, அவள் கண்விழித்த முதல் நிமிடத்திலேயே முத்துக்கருப்பன் அறிந்துகொண்டார்.

“எதுக்கு இப்பிடிக் கட்டில் காலு மாதிரி நிக்கிறீக? போயி ஒரு காப்பி குடிங்க.”

இயன்முறை மருத்துவர் ஸ்டீவன் வழியனுப்பும்போது தெளிவாகச் சொன்னார். “முதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம்யா. அதுக்குள்ள கால் எம்புட்டுத் தேறுதோ, அம்புட்டுத்தேன் பெரும்பாலும். தெனமும் நடக்கணும். மேடு பள்ளம் கூடாது, வண்டி வரக்கூடாது, பிடிச்சுக்கிறதுக்கு ஒரு கம்பி இருந்தா ரொம்ப நல்லது.”

அத்தகைய இடம் நகரில் ஒன்றே இருந்தது. பூங்காவுக்குள், மேற்குக் கதவிலிருந்து தொடங்கி வேம்புகளின் நிழலில் வட்டமடிக்கும் கைப்பிடி நடைபாதை. பொன்னாத்தாள் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தால் அந்தக் கைப்பிடிக் கம்பி வெயிலில் பளபளப்பது தெரியும். இடையில் வாய்க்கால். மேலத்தெருச் சாலையிலோ கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகள். அங்கே இரண்டு கால் சரியாக உள்ளவர்களே ஓடித்தான் கடப்பார்கள்.

ஆட்டோ பிடித்தார்கள். பேருந்து நிலையத்துப் பாலத்தைச் சுற்றி இரண்டேகால் கிலோமீட்டர். பூங்காவின் பெரிய வாயிலில் காவலர் பதிவேட்டைத் திறந்தார்.

“எந்தத் தெரு?”

“மேலத்தெரு. கடசி வீடு.”

காவலரின் விரல் ஓரிடத்தில் நின்றது. “நூத்தி முப்பத்தெட்டா? நீங்க ஆட்டோவுல வந்திருக்கீகளேண்ணே.”

“ஆமாப்பா. இவளால நடக்க முடியாது. நடக்கத்தேன் கூட்டியாந்திருக்கேன்.”

“நடைதூரப் பயனாளி வண்டில வரக்கூடாதுண்ணே. வந்தா புள்ளிவிவரம் ஒதைக்கும். வெளியூர்க்காரவுகன்னா வண்டில வரலாம்.”

“வாய்க்கால்ல தண்ணி ஓடுதேப்பா.”

“எனக்குத் தெரியாதா? நானும் மேலத்தெருதேன். நானே மோட்டார் சைக்கிள்லதேன் சுத்தி வர்றேன். ஆனா நான் பயனாளி இல்ல, பணியாளர்.”

ஆட்டோவுக்குள் இருந்து பொன்னாத்தாள் தலையை நீட்டினாள். “அப்ப எங்களத் தேவாரத்து ஊர்க்காரவுகன்னு எழுதிக்கய்யா.”

“மொதல்லயே சொல்லியிருந்தா எழுதியிருப்பேன்த்தா. இப்பத் தெருவச் சொல்லிப்புட்டீக.”

திரும்பினார்கள்.

மறுநாள் முத்துக்கருப்பன் ஒரு மனுவுடன் நகராட்சிக்குப் போனார். வாய்க்காலின் குறுக்கே ஆள் நடக்கும் அளவில் சிறு பாலம் வேண்டும் என்பதே மனு. திலீபன் அதை மரியாதையுடன் வாங்கி, உரிய கோப்பை வரவழைத்து, உரிய பக்கத்தைத் திறந்தார்.

“தடைகள்: ஆடுகள், அடைப்புக்குறிக்குள் ரெண்டு. ஆடுக இப்பவும் இருக்காண்ணே?”

“இல்ல சார். தண்ணி வந்ததும் பத்திக்கிட்டுப் போயிட்டாக.”

“அப்பத் தடை நீங்கிருச்சு.” அதையும் எழுதி நாளிட்டார். “இப்பச் சொல்லுங்க, பாலம் எதுக்கு?”

“தண்ணியத் தாண்ட.”

“தண்ணி எங்க இருக்கு?”

“வாய்க்கால்ல சார்.”

திலீபன் கோப்பை அவர் பக்கம் திருப்பினார். “வாய்க்கால் எங்க இருக்கு? காட்டுங்க.”

முத்துக்கருப்பன் மண்டிச் சீட்டுகளில் பழகிய கண்ணால் வரிவரியாகத் தேடினார். வாசற்படி இருந்தது, மேற்குக் கதவு இருந்தது, ஆடுகள் இருந்தன. வாய்க்கால் இல்லை.

“அண்ணே, நானும் இப்பத் தெனமும் பாக்குறேன். வாய்க்கால் இருக்கு, இல்லைன்னு நான் சொல்லல. கோப்புல இல்லைன்னு சொல்றேன்,” என்றார் திலீபன். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “பாலம் கட்டணும்னா வாய்க்கால ஒத்துக்கணும். வாய்க்கால ஒத்துக்கிட்டா நூத்தி முப்பத்தெட்டு போயிரும். அதோட சேந்து மேலத்தெருவுல அம்பத்திரெண்டு வீடும் பசுமைக்கு வெளிய போயிரும். உங்க ஒரு வீட்டுக்காக அம்பத்திரெண்டு வீட்டத் தள்ளி வைக்கச் சொல்றீகளா?”

இவ்வாறு கேட்கப்பட்டபோது, தாம் சுயநலக்காரரோ என்ற ஐயம் முத்துக்கருப்பனுக்கே எழுந்தது. ஆயினும் ஆணையரைப் பார்க்கக் காத்திருந்தார்.

ஆணையர் விஜயபாண்டி தத்துவ நோக்குடையவர். “பெரியவரே, தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். தூரம் அப்படி இல்ல. ஒரு தடவை அளந்தா அளந்ததுதான். நிலையில்லாத ஒண்ணுக்காக நிலையான ஒண்ண மாத்துறது நல்ல நிர்வாகம் ஆகாது. ஏப்ரல்ல வாங்க. உங்க வீட்டம்மா தாராளமா நடந்தே வரலாம்.”

“ஆறு மாசந்தேன் கெடு சார். ஜனவரியில முடிஞ்சிரும்.”

“அது மருத்துவத் துறை விதிச்ச கெடு. அவங்கள நீட்டிக்கச் சொல்லிக் கேளுங்க.”

ஆகஸ்ட் போயிற்று. பொன்னாத்தாள் கட்டிலுக்கும் அடுக்களைக்கும் இடையே சுவரைப் பிடித்து நடந்தாள். பதினான்கு தப்படி; பிறகு சுவர் தீர்ந்துவிடும். கால் தேறவுமில்லை, மோசமாகவுமில்லை. மாதாந்தரப் பரிசோதனையில் ஸ்டீவன் முழங்காலைத் தட்டிப் பார்த்து, அடுத்த மாதத் தேதியை மட்டும் எழுதிக்கொடுத்தார். அவர் சொல்லாததை இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.

செப்டம்பரில் நகராட்சியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. மிக அருகில் வசிக்கும் ஐம்பத்திரண்டு வீடுகளிலிருந்து பூங்காவுக்கு வந்தோர் எண்ணிக்கை சுழியம் எனவும், நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வண்டியில் வருவோர் எண்ணிக்கை பெருகிவருகிறது எனவும், அருகில் இருந்தும் பயன்படுத்தாமைக்குக் காரணம் காட்ட வேண்டும் எனவும் அது கூறியது. தொடர்ந்து மேலத்தெருவிலேயே விழிப்புணர்வு முகாம் நடந்தது. அதிகாரிகள் பேருந்து நிலையப் பாலத்தைச் சுற்றி மூன்று ஜீப்புகளில் வந்து இறங்கினர். ஆணையர் வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினார். இரைச்சலால் ஒலிபெருக்கியைக் கூட்டச் சொன்னார்.

“தூரம் குறையக் குறைய மக்கள் அதிகமா நடப்பாங்கன்னு ஆய்வுகள் சொல்லுது. நாங்க தூரத்தக் குறைச்சாச்சு. நடக்க வேண்டியது உங்க கடமை. நூத்தி முப்பத்தெட்டுத் தப்படி நடக்க ஒருத்தருக்கு மனசு வரலைன்னா, குறை தூரத்துல இல்ல, மனசுல இருக்கு.”

பொன்னாத்தாள் நாற்காலியிலிருந்து கேட்டாள். “நீங்க தெனமும் பூங்காவுக்குப் போறீகளா சார்?”

“எனக்கு வீட்லயே நடக்குற மிஷின் இருக்கும்மா.”

“அதுவும் நல்லதுதேன். அது ஒரே எடத்துல நின்னுக்கிட்டே நடக்குறது. உங்க ஆபீசுக்கு ஏத்த மிஷின்.”

தெரு சிரித்தது. ஆணையர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நன்றி தெரிவித்தார்.

பின்னர் திலீபன் வீடு வீடாகப் படிவம் நிரப்பினார். ‘பயன்படுத்தாமைக்குக் காரணம்’ என்ற வினாவுக்கு மூன்று விடைகள் அச்சிடப்பட்டிருந்தன: விருப்பமின்மை, நேரமின்மை, சோம்பல்.

“வாய்க்கா,” என்றாள் பொன்னாத்தாள்.

“அதுக்குக் கட்டம் இல்லம்மா.”

“விருப்பம் எனக்கு இருக்கு. நேரமும் கெடக்கு. மிச்சம் உள்ளத எழுதிக்கங்க.”

திலீபன் சற்றுத் தயங்கினார். பிறகு சோம்பல் என்ற கட்டத்தில் மிக மெல்லியதாக ஒரு குறியிட்டார்.

அக்டோபர் கடைசியில் நகராட்சியை ஒரு மகிழ்ச்சி தாக்கியது. ‘நடைதூரப் பசுமை நகர்’ விருதின் இறுதிச் சுற்றுக்கு நெல்லங்கரை தேர்வு பெற்றிருந்தது. சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் மகிமா நேரில் வருவார். மிக அருகமைந்த இல்லத்தின் வாசலிலிருந்து பூங்காவரை தாமே நடந்து பார்ப்பார். கடிதத்தில் ‘தாமே’ என்ற சொல் தடித்த எழுத்தில் இருந்தது.

ஆணையர் நீர் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதி, நவம்பர் ஆறாம் தேதி ஒருநாள் மட்டும் தண்ணீரை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார். இரண்டாம் போக நடவு தொடங்கியிருக்கும் வேளையில் தண்ணீரை நிறுத்தினால் விவசாயிகள் தங்கள் அலுவலகத்துக்கு நடந்தே வருவார்கள் என்று ஒரே வரியில் மறுமொழி வந்தது.

எஞ்சிய வழி ஒன்றுதான். அதை எவரும் பாலம் என்று அழைக்கவில்லை. நவம்பர் ஐந்தாம் தேதி காலையில் இரண்டு தென்னந்தண்டுகள் வந்து இறங்கின. வாய்க்காலின் குறுக்கே அவற்றை அருகருகே கிடத்தி, மேலே பலகை அடித்து, பலகைமேல் செயற்கைப் புல்விரிப்பை ஒட்டினார்கள். அது பார்வைக்குப் பாலமாகத் தோன்றிவிடாதபடி இருபுறமும் சவுக்குக் கம்பு நட்டு, குறுக்குக் கம்பு கட்டி, அதில் கொடிகளைச் சுற்றினார்கள். எல்லாம் வாய்மொழி உத்தரவு. பேச்சில் அதற்கு ‘தொடர்ச்சி’ என்று பெயர். மாலையில் நான்கு பேர் அதன்மேல் நின்று குதித்துப் பார்த்தார்கள். தொடர்ச்சி அசையவில்லை.

மறுநாள் மகிமா வந்தார். தகட்டைப் படம் எடுத்தார், வாசற்படியிலிருந்து நடந்தார், தொடர்ச்சியின் நடுவில் ஒரு கணம் நின்று கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

“இது என்ன?”

“நீர்நிலை அழகூட்டல்,” என்றார் ஆணையர்.

மகிமா குறித்துக்கொண்டார். திரும்பிவந்து பொன்னாத்தாளின் நாற்காலியருகே குனிந்தார். “அம்மா, நீங்க தினமும் பூங்காவுக்குப் போவீங்களா?”

ஆணையர் திலீபனைப் பார்த்தார். திலீபன் வானத்தைப் பார்த்தார்.

“இந்தப் பாத நாளைக்கும் இங்கன கெடந்தா, போவேன்.”

மகிமாவின் கையிலிருந்த படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்களே இருந்தன. ‘நாளைக்கும் கெடந்தா’ என்பதற்குக் கட்டம் இல்லை. ‘போவேன்’ என்பதற்கு இருந்தது. அவர் ‘ஆம்’ என்பதில் குறியிட்டார். முதல்முறையாக ஒரு படிவம் தன் பக்கம் சாய்ந்ததைப் பொன்னாத்தாள் கவனித்தாள்.

சென்னைக் கார் கண்ணுக்கு மறைந்ததும் அவள் கணவரின் தோளைப் பிடித்து எழுந்தாள். “வாங்க. எடுத்துட்டுப் போறதுக்குள்ள ஒரு தடவ போயிருவோம்.”

கடப்பாரைகளுடன் நால்வர் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. பொன்னாத்தாள் தொடர்ச்சியின் நடுவில், சவுக்குக் கம்பைப் பிடித்தபடி, இடக்காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா, கொஞ்சம் வெரசா வாங்க. இதப் பிரிக்கணும்.”

“வெரசா வர முடிஞ்சா நான் ஏன்டா இங்கன நடக்குறேன்?”

அப்போது முத்துக்கருப்பன் கரையில் முன்னால் வந்து நின்றார். நான்கு மாதங்களாக அவருக்கு எதுவும் விளங்கவில்லை. இது விளங்கிற்று. பொருள் ஒன்று வெளியே போகிறது. தாம் வாயிலில் நிற்கிறார்.

“சீட்டு எங்கன இருக்கு?”

“என்ன சீட்டு?”

“இங்கருந்து என்ன சாமான் போகுது, எத்தன உருப்படி, யார் சொல்லிப் போகுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு. அது இல்லாம எடுத்தா, அதுக்குப் பேரு வேற.”

நால்வரும் கடப்பாரையை ஊன்றி நின்றார்கள். அவர்களும் மேலத்தெருவினர், நிற்பதில் அவர்களுக்கு வருத்தம் இல்லை. ஒருவர் திலீபனைக் கைப்பேசியில் அழைத்தார். ஒரு வரி எழுதக் கால்மணி நேரம் போதும் என்று திலீபன் கூறினார்.

முதலில், ‘மேலத்தெருப் பாலத்தை அகற்றுக’ என்று எழுதினார். அப்படியொரு பாலத்துக்கு மதிப்பீடு இல்லை, பணி ஆணை இல்லை. தவிரவும் பாலம் என்றால் வாய்க்கால். அடித்தார். ‘தொடர்ச்சியை அகற்றுக’ என்று எழுதினார். எதன் தொடர்ச்சி? நூற்று முப்பத்தெட்டின் தொடர்ச்சி. அதை அறுத்தால் விருதும் அறும். அடித்தார். நெடுநேரம் கழித்து, ‘தென்னந்தண்டுகள் (2) அகற்றுக’ என்று எழுதியபோது, பசுமைவெளியை ஒட்டிய மரம் எதையும் அகற்றுவதில்லை என்று விருதுக் குழுவுக்கு ஆணையர் கையெழுத்திட்ட உறுதிமொழி அதே கோப்பில் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. வெட்டி வந்த தண்டு மரமா என்பதை விதிகள் விளக்கவில்லை.

கோப்பு ஆணையரிடம் போயிற்று.

“இல்லாத ஒண்ண எப்படிய்யா எடுப்பீங்க?” என்றார் ஆணையர். அவர் முரண்பாட்டைச் சகிக்காதவர். கோப்பின் அடியில் தம் கையாலேயே எழுதினார்: ‘அவ்விடத்தில் எதுவும் இல்லாமையால் நடவடிக்கை தேவையில்லை.’

நால்வரும் கடப்பாரைகளைத் தோளில் சாய்த்து, இல்லாததன் மீது நடந்து வீடு திரும்பினார்கள்.

விருது டிசம்பர் தொடக்கத்தில் கிடைத்தது. மேலத்தெருவிலிருந்து பூங்காவுக்கு வருவோர் எண்ணிக்கை ஒரே மாதத்தில் சுழியத்திலிருந்து முந்நூற்றுப் பதினான்காக உயர்ந்ததை அறிக்கை குறிப்பிட்டது. காரணம்: விழிப்புணர்வு முகாம். சூழல் மேம்பாட்டை ஆராயப் பிற நகரங்களிலிருந்தும் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் பச்சை விரிப்பின்மேல் நின்று முகாம் எப்படி நடத்துவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

விருது பெற்ற இல்லத்தின் பயன்பாட்டை மாதம் இருமுறை பதிவுசெய்வது விதி. திலீபன் தவறாமல் வந்தார். அளவு நிலையாக இருக்கிறதா என்பதையும் அவர் பதிவுசெய்ய வேண்டும். வாசற்படியிலிருந்து மேற்குக் கதவுவரை பொன்னாத்தாள் தானே நடந்து தானே எண்ணினாள்.

முதல்முறை, “இருநூத்தி அறுவத்தி நாலு,” என்றாள். அதற்கு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. இடக்கால் ஒவ்வொரு முறையும் வலக்காலை எட்டிப் பிடித்தபின் நின்று மூச்சு வாங்கியது.

திலீபன் 138 என்று எழுதினார்.

டிசம்பர் நடுவில், “இருநூத்தி ஒம்பது.”

138.

ஜனவரி முதல் வாரத்தில் ஸ்டீவன் முழங்காலைத் தட்டிப் பார்த்தார். இம்முறை தேதி எதுவும் எழுதவில்லை. இனி நீங்கள் வர வேண்டியதில்லை, நடந்தால் போதும் என்றார். முத்துக்கருப்பன் அதைச் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டு வாங்கி, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பொங்கலுக்கு மறுநாள் திலீபன் வந்தபோது, பொன்னாத்தாள் மேற்குக் கதவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தாள். சவுக்குக் கம்பை ஒரு கையால் தொட்டும் தொடாமலும் வந்தாள். வாசற்படியில் வலக்காலை வைத்து, இடக்காலையும் ஏற்றி, மூச்சு வாங்காமல் சொன்னாள்.

“நூத்தி அம்பத்திரெண்டு.”

திலீபனின் பேனா கட்டத்தின்மேல் நின்றது. அவர் கால்களின் விஷயத்தில் நேர்மையானவர் என்பது முன்பே சொல்லப்பட்டது. ஒரு கணம், 152 என்று எழுதிவிடுவார் போலிருந்தது.

“பரவால்ல, நூத்தி முப்பத்தெட்டுன்னே எழுதிக்கங்க சார்,” என்றாள் பொன்னாத்தாள். “உங்க காயிதம் போட்ட எடத்துலயே கெடக்கட்டும். நாந்தேன் அத எட்டிப் பிடிக்க நடந்து வந்துக்கிட்டு இருக்கேன்ல.”